தையல் மெஷின் ஆயுதமானது

எங்கள் கடைக்கு லேபல்கள் வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. செருப்புப் பெட்டி அளவுள்ள நான்கு அட்டைப் பெட்டிகள். உள்ளே வெள்ளை நாடாவில் அச்சடித்த துண்டுகள். என்ன நூல், எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தது என்று எல்லாம் மலாயில் இருந்தது. முதலாளி பெட்டிகளை என் மேசையில் அடுக்கினார்.

"இனிமே கடையில இருக்கற ஒவ்வொரு துணியிலயும் இது இருக்கணும். தச்சிருக்கணும். ஒட்டினாலும் செல்லாது, பின் குத்தினாலும் செல்லாது."

"ஒவ்வொரு துணியிலயுமா பாஸ்?"

"ரூல் மாறிப்போச்சு லா. நான் என்ன செய்ய?"

மலேசியாவில், கிள்ளானில் இந்தத் துணிக்கடையில் நான் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு முடிந்தது. வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசி விற்பது எனக்கு வராது. அதனால் என்னைப் பின்னால் ஸ்டோரில் வைத்துவிட்டார்கள். வந்த சாமானைச் சரிபார்ப்பேன். மலாயில் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கடைக்கு வரும் பாரங்களை, அரசாங்க விண்ணப்பத் தாள்களையெல்லாம், நான்தான் நிரப்புவேன். எனக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி, டைலர் மாஸ்டரின் மெஷின்.

மாஸ்டர் மன்னார்குடிப் பக்கம். பதினான்கு வருஷமாக எங்கள் கடையில் ரவிக்கை தைத்தார். அளவு எடுத்த பெண் இரண்டு மாதத்தில் இளைத்தாலும் பருத்தாலும், வந்து நின்றதைப் பார்த்தே எத்தனை அங்குலம் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவருடைய வேலை பெர்மிட் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் புதுப்பிக்கும் பாரத்தில் ஒரு புதுக் கேள்வி முளைத்திருந்தது: இந்தக் கடை எந்தச் சட்டத்தின் கீழாவது அபராதம் பெற்றதுண்டா? 'உண்டு' என்ற பெட்டியில் கோடு போட்டால் பெர்மிட் கிடையாது. ஏஜென்ட் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஆக, புடவையில் லேபல் இல்லாவிட்டால் ரவிக்கை தைப்பவர் ஊரைவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் போட்ட மூளை எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததோ எனக்குத் தெரியாது. நிச்சயம் நல்ல குளிர்சாதனம் உள்ள அறையாக இருந்திருக்கும்.

லேபலோடு ஒரு வழிகாட்டித் தாளும் வந்தது. எந்த உடுப்பில் எந்த இடத்தில் தைக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தார்கள். சட்டைக்குக் கழுத்துப் பட்டையின் உள்ளே. கால்சட்டைக்கு இடுப்பில். துவாலைக்கு ஓரத்தில். உள்ளாடைக்குக்கூடத் தனிப்படம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புடவை இல்லை. வேட்டி இல்லை. கிள்ளானில் ஒரு தெருவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தெருவும் முழுக்கப் புடவைக் கடைகளாகவே இருக்கின்றன. ஆனாலும் படம் வரைந்தவருக்கு அப்படியொரு துணி இருப்பது தெரியவில்லை.

முதலாளி தாளை அனுப்பிய இலாகாவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பதில் சொன்னாள்: பயனீட்டாளரின், அதாவது வாங்கி உடுத்துகிறவரின், கண்ணில் சுலபமாகப் படும் இடத்தில் இருக்க வேண்டும். புடவையில் சுலபமாகக் கண்ணில் படும் இடம் முந்தானைதான். ஆகவே மாஸ்டரும் நானும் ஒரு வாரம் முழுக்க முந்தானை ஓரத்தில் லேபல் தைத்தோம்.

அடுத்த திங்கட்கிழமை பந்திங்கிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். முன்னால் இருந்த விற்பனைப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு, திருப்தி இல்லாமல் ஸ்டோர் வரை வந்துவிட்டார்.

"யாரு இதைத் தச்சது? என் தங்கச்சி மக கல்யாணத்துல, மண்டபத்துல அத்தனை பேரும் என் தோள்பட்டையப் பார்த்துப் படிக்கறாங்க. 'சம்பந்தியம்மா கட்டியிருக்கறது நூறு பர்சன்ட் போலியெஸ்டர்'னு ஒரு பொம்பள சத்தமாப் படிக்கறா! நீங்க சாஃப்ட் சில்க்னுதானே வித்தீங்க?"

மாஸ்டர் அமைதியாக, "அம்மா, சாஃப்ட்டுங்கறது உண்மைதாம்மா," என்றார்.

அந்த அம்மாள் ஒரு கணம் முறைத்துவிட்டுச் சிரித்தே விட்டார். மாஸ்டர் அங்கேயே லேபலைப் பிரித்துக் கொடுத்தார். அதன் பிறகு முந்தானையை விட்டுவிட்டு, இடுப்பில் செருகும் உள்முனையில் தைக்கத் தொடங்கினோம். காலையில் நான் லேபல் தைப்பேன். மாலையில் வாங்கியவர்கள், "அக்கா, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுங்க, குத்துது," என்று வருவார்கள். பிரித்துக் கொடுப்பேன். சட்டத்தை நிறைவேற்றுவதும் நான், கலைப்பதும் நான். இப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டா என்று யாராவது கேட்டால் உண்டு என்பேன். செய்திருக்கிறேன்.

ஒரு ரேக் மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் ஸ்டோரின் கடைசியில், பின்கதவுக்குப் பக்கத்தில், கோடித் துணிகள் தனியாக இருக்கும். சாவு வீட்டுக்கு எடுத்துப் போகிற வேட்டியும் புடவையும். அதை வாங்க வருகிறவர்கள் முன்வாசல் வழியாக வர மாட்டார்கள். பின்வழியாக வருவார்கள், பேரம் பேச மாட்டார்கள், துணியைப் பையில் போட்டுக்கொண்டு 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் போவார்கள். அவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். அங்கே பேச்சு தேவையில்லை என்பதால் எனக்கு அது பழக்கமாகிவிட்டது.

அந்த ரேக்குக்கு முன்னால் நான் லேபல் பெட்டியோடு போய் நின்றபோது மாஸ்டர் மெஷினை நிறுத்தினார்.

"அக்கா, அதுல ஊசி ஏத்தாதீங்க."

"ஒவ்வொரு துணியிலயும்னு சொல்லிட்டாங்களே மாஸ்டர்."

"சொல்றவங்க சொல்வாங்க. தச்ச துணியோட யாரையும் அனுப்பக் கூடாதுக்கா. கடைசி நேரத்துல அரைஞாண் கயித்தையே அறுத்துட்டுத்தானே அனுப்பறோம்? முடிச்சு இருக்கக் கூடாது, தையல் இருக்கக் கூடாது. அதுல போய் எந்த ஊர்ச் சரக்குன்னு எழுதித் தைக்கச் சொல்றீங்களே."

எல்லாக் குடும்பமும் இப்போது அதைப் பார்ப்பதில்லை. மாஸ்டர் பார்ப்பார். சொல்லப்போனால் நானும் பார்ப்பேன். என் கை அந்த வேட்டி அடுக்கின் மேல் இருந்தது. சட்டத்துக்குப் பயப்படுகிறவள்தான் நான், ஆனாலும் கை வரவில்லை.

"பின்னாலதானே இருக்கு, யாரு வந்து பார்க்கப் போறாங்க," என்றேன். சொன்னது நான்தான். பிற்பாடு முதலாளி மாஸ்டரைத்தான் குற்றம் சொன்னார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வந்து பார்த்தார்கள். இரண்டு அமலாக்க அதிகாரிகள். இருவரும் இளவயது, மரியாதையானவர்கள், வந்ததும் சலாம் சொன்னார்கள். ஒருவர் ஒரு பட்டுப் புடவையை எடுத்து லேபலைத் தேடினார். முந்தானைப் பக்கம் இல்லை. மடிப்பைப் பிரித்தார். இல்லை. மேலும் பிரித்தார். விற்பனைப் பிள்ளை ஒருத்தி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். புடவை கல்லாவைத் தாண்டி, கண்ணாடி அலமாரியைத் தாண்டி, வாசல் வரை நீண்டது. ஆறு கஜம் என்றால் எவ்வளவு என்று அரசாங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் உள்முனையில் லேபலைக் கண்டதும் அந்தப் பையனின் முகத்தில் புதையல் எடுத்த மகிழ்ச்சி.

"பாகுஸ்," என்றார். நன்று என்று அர்த்தம். புடவையை மடிக்க எங்களுக்குத்தான் பத்து நிமிஷம் ஆனது.

மற்றவர் ஸ்டோருக்குள் வந்துவிட்டார். நேராகக் கடைசி ரேக்குக்குப் போனார். ஒரு வேட்டியை எடுத்தார், விரித்தார், அடுத்ததை எடுத்தார். என்னைப் பார்த்து, இது என்ன துணி, ஏன் எதிலும் லேபல் இல்லை என்று மலாயில் கேட்டார்.

"இறந்தவர்களுக்கு," என்று மட்டும் சொன்னேன்.

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். ஆனால் பேனாவை விடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று உண்மையாகவே வருத்தத்தோடு சொல்லிக்கொண்டு எழுதினார். சட்டத்தில் விற்பனைக்கு உள்ள எல்லாத் துணியும் என்றுதான் இருக்கிறதாம். பயனீட்டாளருக்குத் தான் உடுத்துவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறதாம்.

இந்தத் துணியை உடுத்துகிற பயனீட்டாளர் படுத்திருக்கிறார், கண் மூடியிருக்கிறது, மூக்கில் பஞ்சு இருக்கிறது. அவருடைய உரிமையைக் காப்பாற்றிவிட்டார்கள். உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு என்ன உரிமை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

அபராதம் வந்தது, முதலாளி கட்டிவிட்டார். பெர்மிட் பாரத்தில் அந்தக் கேள்விக்கு நான்தான் 'உண்டு' என்று கோடு போட்டேன். வேறு வழியில்லை, அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருந்தது.

இந்தப் பெர்மிட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். முடிவெட்டும் கடை, நகைக்கடை, துணிக்கடை மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். தலைமுடி, தங்கம், புடவை மூன்றுக்கும் பொதுவாக என்ன கண்டார்களோ. வெளிநாட்டு ஆள் கூடாது என்று சில வருஷம் மூடுவார்கள். பிறகு கடைக்காரர் சங்கத்துக்காரர்கள் மாலையோடு போய் மந்திரியைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், திறப்பார்கள். திறந்த சந்தோஷத்தில் நாம் பாரம் நிரப்பி முடிப்பதற்குள் பாரம் மாறிவிடும். பழைய பாரம் செல்லாது, புதுப் பாரம் இன்னும் அச்சாகவில்லை. உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு வைக்க வேண்டுமாம். முதலாளி விளம்பரம் போட்டார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இன்னொருத்தி ரவிக்கையைப் பார்த்து, "இதுக்கு எத்தனை துண்டு வெட்டணும்?" என்று கேட்டாள். மாஸ்டர் எண்ணிச் சொன்னார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று முதலாளி அதை மாஸ்டரிடம் நீட்டினார்.

"ஒரு தையல் மாஸ்டர். ஒரே ஒரு தையல். போட்டிருந்தா இன்னிக்கு இது வந்திருக்காது."

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "போட்டிருக்கலாம் பாஸ். உங்க அப்பா தவறினப்ப இந்த ரேக்குலேருந்துதான் வேட்டி எடுத்தேன். அதுலயும் போட்டிருக்கலாமா?"

முதலாளி கடிதத்தை மடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவர் கெட்டவரில்லை. மறுநாள் மேல்முறையீடு செய்தார், அதுவும் திரும்பி வந்தது. ஒரு மாதத்துக்குள் மாஸ்டர் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று முடிந்தது.

மாஸ்டர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவருடைய ஊரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்காரர் சீருடைகளுக்குப் பள்ளிச் சின்னம் தைத்துத் தரும் வேலையை அவருக்கே தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜூனில் பள்ளி திறக்கும் முன் சின்னங்கள் வேண்டும். வருஷா வருஷம் வருகிற வேலை. அதைப் பிடித்துக்கொண்டால் யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம்.

அதற்கான மெஷின் அவரிடம் இருந்தது. சொந்த மெஷின். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை மூடியபோது வாங்கியது. பக்கவாட்டில் சின்னத் திரை இருக்கும். படத்தைக் கொடுத்தால் அதுவாகவே நூல் மாற்றி மாற்றிப் பூ போடும். கடையின் ரவிக்கை வேலையெல்லாம் அதில்தான் நடந்தது. அதைக் கப்பலில் அனுப்பிவிட்டு, அவர் விமானத்தில் போய், ஊரில் அதை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஓர் ஆபீசுக்கு நானும் அவரும் போனோம். பாரம் நிரப்ப என்னைக் கூட்டிப் போனார். அனுப்புகிறவர் நான், அங்கே பெறுகிறவர் அவர். பக்கம் பக்கமாகக் கேள்விகள். எடை, அளவு, எந்த நாட்டில் செய்தது, என்ன வேலைக்கு, இதற்கு முன் என்ன வேலைக்குப் பயன்பட்டது.

"மாஸ்டர், அந்த ஃபேக்டரில இதை வச்சு என்ன தச்சாங்க?"

"பேட்ஜுக்கா. ராணுவக்காரங்க சட்டை தோள்ல போடுவாங்களே, அது. மெஷின் வாங்கினப்ப நாலஞ்சு உள்ளேயே சிக்கியிருந்துச்சு."

கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எழுத வேண்டும் என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ராணுவச் சீருடைக்கான சின்னம் தைக்க என்று மலாயில் அழகாக எழுதினேன். ராணுவத்துக்கு மலாயில் 'தெந்தேரா' என்பார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கவுண்டரில் இருந்தது தமிழ்ப் பெண். பாரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவள் அந்த இடத்தில் விரலை நிறுத்தினாள்.

"ஆன்டி, தெந்தேரான்னு போட்டிருக்கீங்க?"

"ஆமாம்மா. முன்னாடி அதுக்குத்தான் பயன்பட்டுச்சு."

"ஐயோ ஆன்டி. உண்மைய எழுதச் சொல்லி யாரு உங்ககிட்ட கேட்டா?"

"பாரத்துல கேட்டிருந்துச்சேம்மா."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தாள். அவர் பாரத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். புது ரூல் வந்திருக்கிறதாம். ஆயுதம், ஆயுதம் செய்கிற இயந்திரம், ஆயுதம் செய்ய உதவுகிற இயந்திரம், ராணுவத்தோடு சம்பந்தப்பட்டது எதுவானாலும் அரசாங்கத்தின் கடிதம் இல்லாமல் கப்பல் ஏற்ற முடியாதாம்.

ராணுவம் என்ற வரியை அழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று நான் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ய முன்வந்த முதல் பொய் அதுதான். அதையும் ஏற்க மாட்டேன் என்றுவிட்டார். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதாம்.

அந்தப் பெண் எங்களுக்காக இரக்கப்பட்டு ஒரு பட்டியலை அச்சடித்துக் கொண்டு வந்தாள். தடித்த பட்டியல். ஏவுகணை, வெடிமருந்து, அணுவைப் பிரிக்கிற சக்கரம், விஷவாயு. நானும் மாஸ்டரும் நாற்காலியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தோம்.

"இதுல எங்கேயுமே தையல் மெஷின் இல்லையேம்மா," என்றேன்.

"தெரியும் ஆன்டி. ஆனா இல்லைன்னு நாம சொல்ல முடியாது. இல்லைன்னு அவங்க சொல்லணும்."

கூடவே ஓர் உறுதிமொழிப் பாரம். இந்த இயந்திரத்தைக் கொண்டு அணு ஆயுதமோ, ரசாயன ஆயுதமோ, கிருமி ஆயுதமோ செய்ய மாட்டேன் என்று பெறுகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மாஸ்டர் பேனாவைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிளவுஸுக்குக் கொக்கி வைக்கறது இதுல எங்கயாச்சும் வருதா?"

கவுண்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு கை துடைத்துக்கொண்டார்.

மெஷின் துறைமுகக் கிடங்கில் நின்றது. மாஸ்டர் ஊருக்குப் போனார். ஒரு கைப்பை, ஒரு பெட்டி, அவ்வளவுதான். பதினான்கு வருஷத்தில் அவர் சேர்த்த பெரிய சாமான் அந்த மெஷின் ஒன்றுதான். அது சந்தேகத்துக்குரிய ஆயுதமாகக் கிடங்கில் கிடந்தது. காரணம் நான்.

கடிதம் தர வேண்டிய இலாகா புத்ராஜெயாவில். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வரை போய், ரயில் மாறி, பிறகு பஸ் பிடித்து, பளிங்குத் தரையில் வழுக்காமல் நடந்து போக வேண்டும். அங்கே கட்டடங்கள் அரண்மனை மாதிரி இருக்கும். உள்ளே போனால் கவுண்டரில் பல்லி மாதிரி ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்பார்.

முதல் தடவை போனபோது அவர் பாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், இது ஆயுதமா என்று.

"இல்லை," என்றேன்.

"ஆயுதம் இல்லையென்றால் எதற்கு இங்கே வந்தீர்கள்?"

"ஆயுதம் இல்லை என்று நீங்கள் கடிதம் தர வேண்டுமாம்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பட்டியலில் உள்ள பொருளுக்கு அனுமதிக் கடிதம் தருவார்களாம். பட்டியலில் இல்லாத பொருளுக்குக் கடிதமே கிடையாதாம், அது அவர்கள் வேலையில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி சொன்னேன்! எதற்கு என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

இதைத் துறைமுக ஆபீசில் சொன்னேன். அப்படியென்றால் கடிதம் கிடையாது என்று ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார் மேலாளர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

இரண்டாம் தடவை போனபோது அந்தப் பல்லிக்காரர் கூட்டத்தில் இருந்தார். அன்று முழுக்கக் கூட்டம்.

மாதங்கள் ஓடின. மாஸ்டர் வாரம் ஒரு தடவை போனில் அழைப்பார். ஒருபோதும் மெஷினைப் பற்றி முதலில் கேட்க மாட்டார். கடை எப்படி இருக்கிறது, முதலாளி சௌக்கியமா, மழையா என்று கேட்பார். கடைசியில், "அக்கா, அது..." என்று இழுப்பார். பள்ளிக்கூடத்துக்காரர் பொறுத்துப் பார்க்கிறேன் என்கிறார் என்பார். மே வந்தது. மே பாதியும் போனது.

மூன்றாம் தடவை சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இந்தத் தடவை ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கடிதம் கிடையாது என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினொரு மணி. பிறகு ஒரு மணி. எல்லோரும் சாப்பிடப் போனார்கள், நானும் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். யாரோ இங்கே சாப்பிடக் கூடாது என்றார்கள், மூடி வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அழைத்து, வீட்டுக்குப் போங்கள் அக்கா என்றார்.

எழுந்து போய் நின்றேன். "கடிதத்தோடு போகிறேன்," என்றேன். "இது தையல் மெஷின். ரவிக்கையில் பூ போடும். அதன் சொந்தக்காரருக்கு ஜூனில் வேலை. நான் ராணுவம் என்று எழுதியது தப்பு. தப்பு என்னுடையது. அவர் பிழைப்பு போகிறது."

எந்தக் கவுண்டரிலும் நான் இவ்வளவு பேசியதில்லை. மலாயில் எங்கேயோ ஒரு சொல் தவறாக வந்தது. அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, என் பாரத்தின் எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மேசையில் அத்தனை தாள் இருக்க, உள்ளங்கையில். அந்த இலாகாவில் காரியம் நடக்க வேண்டுமானால் எங்கே எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தங்க நிற முத்திரை, கனமான தாள், மூன்றே வரிகள். குறிப்பிட்ட பொருள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. அதை அனுப்ப எந்தக் கடிதமும் தேவையில்லை. நன்றி. கீழே ஒரு சதுரக் கட்டம், போனில் பிடித்தால் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. ஐந்து வரைக்கும் தரலாம். சுழியம் தர வழியில்லை, ஒன்றிலிருந்துதான் தொடங்கியது.

தேவையே இல்லாத கடிதத்தைக் காட்டியதும் மெஷினை அன்றைக்கே கப்பலில் ஏற்றினார்கள். அதற்குள் ஜூன் பிறந்துவிட்டது.

மெஷின் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு காலை மாஸ்டர் அழைத்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

"வந்துடுச்சுக்கா. கடல் காத்துல ஊசித்தண்டு துரு ஏறியிருக்கு. எண்ணெய் போட்டு வச்சிருக்கேன், ஓடும்."

"பள்ளிக்கூடம்?"

"திறந்துட்டாங்க. சின்னம் வேற ஆளு தச்சுட்டாரு. மூணு வருஷத்துக்கு அவருக்கே எழுதிக் கொடுத்துட்டாங்களாம். அவருகிட்டயே வேலைக்குச் சேர்ந்திருக்கேன். நல்ல மனுஷன். தினக்கூலி. அங்க இருந்தவரைக்கும் என்னை எல்லாரும் இந்தியா மாஸ்டர்னாங்க. இங்க பேரு மலேசியா மாஸ்டர்."

இத்தனை மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "மாஸ்டர், நான் அந்த வார்த்தைய எழுதாம இருந்திருந்தா, மெஷின் மார்ச்லயே வந்திருக்கும்."

"விடுங்கக்கா. கேள்வி கேட்டாங்க, பதில் எழுதினீங்க. கேள்வியும் வேணாம் பதிலும் வேணாம், பணத்தை மட்டும் கட்டுன்னு நேராச் சொல்லியிருந்தா உங்களுக்கும் புரிஞ்சிருக்கும், எனக்கும் புரிஞ்சிருக்கும்."

"சொந்த மெஷினை என்ன செய்யப் போறீங்க?"

"வீட்டுல இருக்கு. போர்வை போட்டு மூடி வச்சிருக்கேன். அக்கம்பக்கத்துல எல்லாம் பிளவுஸுக்குப் பூ போடற அளவுக்கு வசதி இல்லக்கா, பிஞ்சதத் தைக்கத்தான் வர்றாங்க. அதுக்கு அது எதுக்கு, ஊசி நூலே போதும்." ஹாரன் சத்தம் பக்கத்தில் கேட்டது. "பஸ் வந்துடுச்சு. எட்டரைக்குள்ள போகலன்னா அரை நாள் கூலி பிடிச்சுருவாங்க. வைக்கட்டுமாக்கா?"

வைத்துவிட்டார்.